காணாப் பின்னலும் கலையறமும்

 

மரத்தைக் காண்போர் கிளையையும் கனியையும் காண்கின்றனர்; வேர் மண்ணுள் மறைந்து கிடக்கிறது. கிழங்கையும் வேரையும் உணவில் விலக்கும் சமண இல்லங்களில், அதன் காரணத்தைக் குழந்தைகளும் அறிவர். வேரைப் பறித்தால் செடி முழுவதும் மடியும். ஒரு கிழங்கினுள் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன. உண்ணுவதற்கு விலக்கிய வேரை ஓவியம் வரைவதற்காகத் தோண்டலாமா? இயற்கையின் மறைந்த பின்னல்களைக் கலையாக்கும் முயற்சி பெருகிவரும் இக்காலத்தில், இவ்வினா சிந்திக்கத் தக்கது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர் ஜான் வீவர், புல்வெளிகளில் ஆழமான குழிகளை வெட்டி, வேர்களைச் சிறு கருவிகளால் மெல்ல மெல்ல வெளிப்படுத்தி, அளவு மாறாத படங்களாக்கினார். 1919இல் அவர்தம் நூல் வெளிவந்தது. முழங்கால் அளவே வளரும் புல்லின் வேர் ஐந்தடி ஆழம் வரை இறங்குவதை அத்தகைய படங்கள் உலகிற்குக் காட்டின. நுண்கோடுகளால் ஆன அவ்வேர்ப்படங்கள் அறிவியலாகவும் ஓவியமாகவும் ஒருங்கே விளங்குகின்றன. ஆயினும் ஒவ்வொரு படத்திற்காகவும் ஒரு செடியின் இருப்பிடம் அகழப்பட்டது. அறிவின் வரவும் உயிரின் இழப்பும் ஒரே தாளில் பதிந்தன.

வேருக்கும் அப்பால் நுண்ணியதொரு வலை உண்டு. மரவேர்களோடு பூஞ்சை இழைகள் கூடி வாழ்வதை ஜெர்மானிய அறிஞர் பிராங்க் 1885இல் விளக்கினார். பூஞ்சை நீரையும் தாதுக்களையும் தேடித் தருகிறது. மரம் தான் ஆக்கிய சர்க்கரையைப் பகிர்கிறது. 1997இல் கனடாவின் சூசன் சிமார்டும் குழுவினரும் பிர்ச் மரத்திற்கும் டக்ளஸ் ஃபிர் மரத்திற்கும் இடையே கரிமம் இடம்பெயர்வதை ஆய்ந்து வெளியிட்டனர். அன்று முதல் ஓவியரும் சிற்பியரும் இவ்விழைகளைப் பலவாறு வரைந்தும் வடித்தும் வருகின்றனர். எனினும் காட்டில் இப்பரிமாற்றம் எவ்வளவு, அது பூஞ்சை வழியேதான் நிகழ்கிறதா என்பன பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. அநேகாந்தம் கற்ற சமுதாயத்திற்கு இது புதிதன்று. ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முழுமையும் கண்டதாக உரைப்பது அறிஞருக்கு மட்டுமன்றிக் கலைஞருக்கும் குற்றமே.

தோண்டாமல் காணும் வழியும் உண்டு. அர்ஜென்டினாவில் பிறந்து பெர்லினில் பணியாற்றும் தோமாஸ் சராசெனோ என்னும் கலைஞர் சிலந்தி வலையைத் தம் ஆசானாகக் கொண்டார். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அறிஞர்களோடு இணைந்து, முப்பரிமாண வலையொன்றை லேசர் ஒளியால் அளந்தறியச் செய்தார். 2009ஆம் ஆண்டு வெனிஸ் கலைவிழாவில், ஓர் அறை முழுவதும் மீள்தன்மையுள்ள கயிறுகளைப் பிணைத்து, காண்போர் அவற்றினூடே நடந்து செல்ல வழி செய்தார். ஒரு கயிறு அசைந்தால் அதனோடு பிணைந்தவையும் அசையும். துடைப்பத்தால் நாள்தோறும் அழிக்கப்படும் ஒன்று, அங்கே வியந்து நோக்கத்தக்க கட்டடக் கலையாயிற்று.

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்னும் உண்மையை உமாசுவாதியார் தத்துவார்த்த சூத்திரத்தில் நெடுங்காலத்திற்கு முன்பே நிலைநாட்டினார். மகாவீரர் நிருவாணத்தின் 2500ஆம் ஆண்டையொட்டி ஏற்கப்பெற்ற சமணச் சின்னத்தின் அடியில் விளங்குவதும் அக்கருத்தே. தமிழகத்தில் அக்கருத்தின் வண்ண வடிவம் போல் திகழ்வது, புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதான ஓவியம். தாமரைக் குளம் ஒன்றில் மீன்களும் பறவைகளும் எருமைகளும் யானைகளும் உலவ, பவ்வியர் மலர் கொய்கின்றனர். ஓரறிவுடைய தாமரையும் ஐயறிவுடைய யானையும் ஒரே நீர்ப்பரப்பில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. தண்டும் இலையும் மலரும் பின்னிக் கிடக்கும் அக்குளத்தில் தனித்து நிற்கும் உயிர் ஏதுமில்லை.

கலைஞன் எதைக் காட்டுகிறான் என்பதோடு, எவ்வாறு கண்டான், எவற்றால் வரைந்தான் என்பதும் அறத்தின்பாற்பட்டதே. நுண்ணோவியத் தூரிகைக்கு அணில் வால்முடி கொள்வது பழைய வழக்கம். கொச்சினீல் என்னும் செந்நிறம் பூச்சிகளை உலர்த்திப் பெறுவது. நீர்வண்ணத்திற்குரிய உயர்வகைக் காகிதங்கள் பலவற்றில், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் பூசப்படுகிறது. உயிர்களின் உறவைப் போற்றும் ஓவியத்தில் உயிரின் எச்சமே மையாகவும் பசையாகவும் கலந்திருப்பின், ஓவியம் சொல்வதை அதன் பொருள்களே மறுத்துவிடும். நைலான் தூரிகை, மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் நிறங்கள், மாவுப்பசை ஏற்றிய காகிதம் ஆகியவை இன்று எளிதில் கிடைக்கின்றன.

ஆகவே, ஓவியம் பயிலும் சிறார்க்குப் பெற்றோர் இன்றே ஒரு பயிற்சி தரலாம். உதிர்ந்த அரசிலையின் நரம்புகளை வரையட்டும். மூலையில் உள்ள சிலந்தி வலையைத் தொடாமல் அமர்ந்து, ஓர் இழை மற்றோர் இழையை எங்கே தாங்குகிறது என்று நோக்கி வரையட்டும். மழை கழித்து மண்ணிலிருந்து எழும் காளானைப் பறிக்காது நின்று காணட்டும். கண்ட அளவை மட்டும் வரைந்து, காணாததற்குத் தாளில் வெற்றிடம் விடட்டும். அவ்வெற்றிடமும் உயிர்களுக்குச் செய்யும் வணக்கமே. கண் கூர்மையாகும்தோறும் கை மென்மையாகுமானால், அக்கலை அறமாகும்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!