ஜீப்பை எத்தனை அங்குலம் தூக்கலாம்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது ஒரு பொறியியல் விஷயம் பேசுப்பா, ரொம்பக் கனமா வேண்டாம்" என்று செயலாளர் சொன்னார். அதனால் கையில் கிரீஸ் ஒட்டுகிற விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஜீப் மாதிரியான மலை வண்டிகளைச் "தூக்குவது". லிஃப்ட் கிட் என்று கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். இளைஞர்கள் பலர் தார், ஜிம்னி வாங்கிய மறுவாரமே அதைத் தேடிப் போகிறார்கள். போகட்டும். நான் பேசப்போவது எங்கள் பக்கத்து ஜீப்பைப் பற்றி.

என் ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமான பிறகு அந்த மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் சமவெளி, மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி. சின்னசேலம் வழியாகக் கச்சிராயபாளையம் போய்விட்டால் கோமுகி அணை, அதற்கு மேல் கல்வராயன் மலை. வெள்ளிமலை வரைக்கும் தார்ச்சாலை உண்டு. அங்கிருந்து கிளை பிரியும் பல குக்கிராமங்களுக்குப் போகிற வழி வேறு ரகம். மலைவாழ் மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பஸ் போகாத அந்த வழிகளில் அரிசி மூட்டை, கடுக்காய் மூட்டை, பிள்ளைத்தாய்ச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவது பழைய மஹிந்திரா ஜீப்தான்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, அப்படி ஒரு எம்.எம். 540 வைத்திருக்கிறார். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது பிடித்துக்கொண்டார். "தம்பி, அடியில கல்லு அடிக்குது. பையன் செல்போன்ல பாத்துட்டு நாலு இஞ்ச் தூக்கணும்ங்கிறான். பட்டையை எடுத்து ஆக்சிலுக்கு மேல வெச்சுட்டா முடிஞ்சுதாம். நீ என்ன சொல்றே?"

இதில் ஒரு பெரிய பிரச்சினை ஒளிந்திருக்கிறது. அந்தப் பையன் பார்த்த படங்களில் ஓடும் வண்டிகள் போட்டி வண்டிகள். கோவாவில் 2014 முதல் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிகளில் வண்டிக்குள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் ஹெல்மெட், பெல்ட், தலைக்கு மேலே இரும்புக் கூண்டு. கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே நிமிர்த்துவார்கள். அண்ணன் வண்டியில் பத்துப் பன்னிரண்டு பேர், பின்னால் தொங்கிக்கொண்டு இன்னும் இருவர். சட்டப்படி எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ராத்திரி பத்து மணிக்குப் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அந்தக் கணக்கைப் பேச முடியாது.

முதலில் அவரிடம் நான் கேட்டது, "எங்கே அடிக்குது?" என்றுதான். "அடியிலதான்" என்றார். அடி என்றால் பன்னிரண்டு அடி நீளம் இருக்கிறதே! ஆகவே ஒரு வேலை செய்தோம். வீட்டில் வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் பூசிக் காயவிட்டோம். மறுநாள் வழக்கம்போல் மலைக்கு ஒரு நடை. திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் சுண்ணாம்பு உரிந்த இடம் மூன்றே மூன்று: பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டை, பின் ஷாக் அப்சார்பரின் கீழ்த் தாங்கி, சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 540-ல் முன்னும் பின்னும் முழு ஆக்சில். டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்தது. ஷாக்கின் கீழ் முனையும் ஆக்சிலோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் சேஸிஸ்தான் மேலே போகுமே தவிர, ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் கணக்குப்படி 703 மி.மீ.; 235/75 ஆர் 15 போட்டால் 733 மி.மீ. ஆனால் ஆக்சிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 15 மி.மீ. அதற்கு விலையாக ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும்; கியர் விகிதம் அந்த அளவுக்கு உயர்ந்ததுபோல் ஆகி ஏற்றத்தில் இழுவை குறையும். ஆக, மூன்று இடத்தில் இரண்டு இடத்துக்கு லிஃப்ட் கிட்டால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஸ்பிரிங் தூக்குவது எதற்கு உதவும் என்றால், பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க. மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டியின் வயிறும் மூக்கும் வாலும் தட்டாமல் இருக்க. அவ்வளவுதான்.

அடுத்து ஸ்பிரிங்கைப் பார்த்தோம். இந்த ஜீப்புகளின் பட்டை அமைப்பு, 1947-ல் மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழி வந்தது. பட்டைக் கட்டு ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அண்ணன் வண்டியில் பின்பக்கக் கட்டைக் கழற்றி, இரண்டு கண்களுக்கும் இடையே நூல் பிடித்து வளைவை அளந்தோம். சின்னசேலத்திலிருந்து அதே வண்டிக்கான புதுக் கட்டு ஒன்றை வாங்கி வந்து பக்கத்தில் வைத்து அளந்தோம். பழையதில் வளைவு 40 மி.மீ. குறைவு! வலது பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல். போதாக்குறைக்கு மூன்றாவது பட்டையில் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி மயிரிழை மாதிரி விரிசல். எத்தனை நடை அந்த விரிசலோடு மலை ஏறி இறங்கினதோ, தெரியாது. அதன் மேல் நாலு இஞ்ச் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் அந்தப் பட்டையையே கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை இஞ்ச் உயரத்தை வண்டி வருஷக்கணக்கில் தொலைத்திருக்கிறது. அதை மீட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். "பழைய பட்டையையே அடித்து வளைத்துக் கொடுக்கிறேன், பாதி ரேட்டுதான்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். பட்டை என்பது சிலிக்கான் மாங்கனீசு சேர்ந்த எஃகு. சூடாக்கி, எண்ணெயில் தணித்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிப் பதம் பார்த்தது. கேஸ் வெல்டிங் ஜுவாலையில் காட்டி வளைத்தால் அந்தப் பதம் போய்விடும். வெறும் சம்மட்டியால் அடித்து வளைத்தாலோ, பாரம் ஏறினதும் மெல்ல மெல்ல மறுபடி படுத்துவிடும். விரிசல் விட்டதற்கு இரண்டுமே ஆகாது. புதுசுதான்.

"புதுசோட கூட ஒரு பட்டை சேர்த்துடலாமே" என்றான் பையன். பலரும் செய்வதுதான். இங்கே நமது ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பு கைகொடுக்கிறது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மி.மீ. பட்டைகள் உள்ள கட்டில் 8 மி.மீ. பட்டை ஒன்றைச் செருகினால், அது ஒரு பட்டை சேர்த்ததாகாது; நீளம் ஒன்றானால் ஏறக்குறைய 2.4 பட்டை சேர்த்ததற்குச் சமம். ஆள் ஏறாத வண்டி கழுதை மாதிரி துள்ளும். அதைவிட முக்கியம், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கிற சக்கரம் சும்மா சுற்றும், இழுக்காது. மலைப் பாதையில் உயரத்தைவிட, நாலு சக்கரமும் மண்ணைத் தொடுவதுதான் வண்டியை நகர்த்தும்.

நீளமான ஷேக்கிள் போடுவது இன்னொரு வழி, மலிவு. ஷேக்கிளை இரண்டு இஞ்ச் நீட்டினால் வண்டி உயர்வது ஒரு இஞ்ச்தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனைதான் இறங்குகிறது. முன்பக்கத்தில் இதைச் செய்தால் ஆக்சிலே சாய்ந்துவிடும். ஒரு மீட்டர் நீளப் பட்டையில் ஒரு முனை 50 மி.மீ. இறங்கினால் சாய்வு ஏறக்குறைய 3 டிகிரி. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்காகக் கம்பெனி வைத்திருக்கும் கேஸ்டர் கோணமே சில டிகிரிதான். ஷேக்கிள் முன் முனையில் இருக்கும் பழைய ஜீப்புகளில் இந்தச் சாய்வு கேஸ்டரைத் தின்றுவிடும். பிறகு சேலம் – உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலையில் 70-ல் போனால் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும்.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பதைப் பின்பக்கம் சிறிய அளவில் செய்கிறார்கள். முன்பக்கம் செய்யவே கூடாது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டையைத் திருகி வெளியே தள்ளப் பார்க்கும்.

இப்போது பையன் சொன்ன நாலு இஞ்ச். பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றுவது கேட்க எளிது. ஆனால் ஸ்டியரிங் கம்பிகள் சரிவாகிப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ்களின் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். அந்தச் சமம் கெட்டு வண்டி அதிரும், கிராஸ் சீக்கிரம் போகும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது. இதையெல்லாம்கூட நல்ல ஃபிட்டர் கிடைத்தால் சரி செய்துவிடலாம். சரி செய்யவே முடியாதது ஒன்று உண்டு.

புவியீர்ப்பு மையம். கணக்குக்காக இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1300 மி.மீ., காலி வண்டியின் மைய உயரம் 650 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங், டயர் அமுங்குவதை ஒதுக்கிவிட்டால், வண்டி 45 டிகிரி சாயும்வரை கவிழாது. ஆள் ஏறினதும் மையம் 750-க்குப் போகிறது என்றால் 41 டிகிரி. நாலு இஞ்ச் தூக்கினால் 850. கவிழும் கோணம் 37 டிகிரி. இது நிற்கிற வண்டிக்கு. வளைவில் திரும்பும்போது, பக்கவாட்டில் சாய்ந்த பாதையில், உள்ளே இருக்கிற ஜனம் எல்லாம் ஒரே பக்கம் சரியும்போது மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கைத் திண்ணையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். பையன் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. அவனே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப வேணாம்ண்ணா" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கல் அடிப்பதைப் பார்த்துத் தீர்வு தேடினவன் அவன் ஒருவன்தான்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை போடுவதில் இந்தத் தொல்லை இல்லை.

தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2010-ல் வந்த பழைய தாரில் முன்பக்கம் டார்ஷன் பார். போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் எழும். செலவே இல்லாத லிஃப்ட் என்பார்கள். ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடத்தை அது விழுங்கிவிடுகிறது, ஆக்சில் மூட்டுகள் எப்போதும் கோணலாகவே ஓடும். 2020-ல் வந்த தாருக்குக் கம்பெனியே 226 மி.மீ. தரை இடைவெளி கொடுத்திருக்கிறது, ஜிம்னிக்கு 210. முதலில் அதை முழுக்கப் பயன்படுத்துகிற பாதையில் ஓட்டிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.

கடைசியாக, பூட்டின விதம். நாலு பக்கமும் புதுப் பட்டைக் கட்டு, புது புஷ், புது ஷாக். யு-போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும். பழையதைத் திரும்பப் போடவில்லை. சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகே இறுக்கினோம். ஷேக்கிள் போல்ட்டுகளை ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறின பிறகுதான். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். பிறகு சேஸிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்தோம். சைலன்சர் கிளாம்பைத் திருப்பி மேலே ஏற்றினோம். ஷாக்கின் கீழ்த் தாங்கிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் செய்ய ஒன்றுமில்லை. அந்தக் கல்லைச் சக்கரத்தில் ஏற்றிப் போக வேண்டுமே ஒழிய, நடுவில் விட்டுப் போகக் கூடாது என்பது அண்ணனுக்கே தெரியும்.

மறுபடி சுண்ணாம்பு பூசி ஒரு நடை போனோம். உரிந்த இடம் டிஃபரன்ஷியல் உருண்டையில் ஒரு உள்ளங்கை அகலம், ஷாக் தாங்கியில் ஒரு கீறல். சைலன்சரில் இல்லை. இறங்கி வந்ததும் யு-போல்ட்டுகளை மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்த்தோம். எட்டில் மூன்று கால் சுற்று இடம் கொடுத்தன. அடுத்த வாரமும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். பார்த்துவிட்டதாகப் பையன் போன் பண்ணினான்.

கேள்வி இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள், இங்கேதான் இருப்பேன்.