நெருக்கடிக் காலத்தில் அரசாங்கத்தின் கை
(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொருளாதார நெருக்கடி தோன்றும்போது அரசாங்கம் தலையிடுவதால் நன்மை விளையுமா, தீமை விளையுமா என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால், "அரசாங்கம் கை வைத்ததனால்தானே இந்தக் கதி!" என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும், அரசாங்கம் முற்றாக விலகி நின்றுவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று இன்று சிலர் செய்யும் உபதேசத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விலகி நின்றதன் பலனையும் இந்நாடு ஒருமுறை கண்டிருக்கிறது.

கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த றப்பர் விலை 1952இற் சரிந்தது. அரிசியின் உலக விலையோ ஏறியது. பங்கீட்டு அரிசிக்குக் கொடுத்துவந்த மானியம் திறைசேரிக்குப் பெரும் பாரமாயிற்று. 1953 ஜூலையில் அரசாங்கம் அம்மானியத்தை வெட்டியது. 25 சதத்துக்கு விற்ற கொத்தரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய போசனமும் நின்றது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய யுத்தக் கப்பலொன்றிற் கூடவேண்டிய நிலை வந்தது! ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பிரதம மந்திரிப் பதவியைத் துறந்தார். பின் வந்த அரசாங்கம் அரிசி விலையைக் குறைத்தது. முதலில் வெட்டியவர்களின் கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் 70 சத அரிசிக்கென்று எவரும் மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை.

அடுத்து, எங்கள் செம்மண் தோட்டங்களைப் பாருங்கள். 1970ஆம் ஆண்டுக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் வன்னியிற் குடியேறிய இளைஞரும் நிமிர்ந்தது அந்தக் காலத்திலேதான். (அதே அரசாங்கம் அதே கமக்காரரின் பிள்ளைகள்மீது தரப்படுத்தலைச் சுமத்தியதையும் நாம் மறந்துவிடவில்லை.) அக்காலத்திற் பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் அந்தக் கட்டுப்பாடுகளை வாழ்த்தியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. 1977இற் புதிய அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது, கமக்காரர் விழுந்தனர். மூடியபோதும் சரி, திறந்தபோதும் சரி, அவர்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

இனி, அண்மைய அழிவுக்கு வருவோம். 2019 டிசம்பரிற் பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமானத்தை இழந்த திறைசேரிக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டுக் கொடுத்தது. 2021 செப்டெம்பரிலிருந்து டொலரின் விலையை ஏறக்குறைய 200 ரூபாவிற் கட்டி வைத்தார்கள். விளைவு என்ன? வெளிநாட்டிலிருந்து உழைப்பவர் அனுப்பும் பணம் வங்கியை விட்டு உண்டியல்காரரிடம் போயிற்று. 2022 மார்ச்சிற் கட்டு அவிழ்ந்ததும் டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது.

இவை யாவற்றினும் கொடியது பசளைத் தடை. 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் இரசாயனப் பசளையின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் புகவில்லை. மாற்றுப் பசளை கையில் இல்லாதபோது, ஆயத்தம் செய்யக் கால அவகாசமும் கொடாமல், ஒரு நாட்டின் வயல்களை எவ்வாறு பரிசோதனைக்கு உட்படுத்தலாம்? நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் பயிர் வர்த்தமானிக்காகக் காத்திருப்பதில்லை. பெரும்போக நெல் விளைச்சல் வீழ்ந்தது. அன்று கமக்காரருக்காகப் பேசத் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை ஒன்றுகூட இந்நாட்டில் இருக்கவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்து, தேர்தல் நடத்தப்படாமற் கிடந்தது.

அதே 2022இல், ஜூலை மாதத்துக்குப் பின், வாகன இலக்கத்தின்படி எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தது. அதுவும் அரசாங்கத்தின் தலையீடுதான்! வரிசைகள் குறைந்தன. எவருக்கு எத்தனை லீற்றர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததனால் ஏமாற்றப்பட்டவன் கேள்வி கேட்க முடிந்தது. பசளைத் தடைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறுகிறேன். பொது நிதியின்மீது முழுமையான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகிறது. அக்கட்டுப்பாடு ஏட்டிற் கிடந்தது. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் முன்னாள் நிதி அமைச்சரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறினர் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. பெருந்தீர்ப்புத்தான். ஆனால் விளைச்சலை இழந்த கமக்காரனுக்கு அத்தீர்ப்பினால் ஒரு சதமும் வரவில்லை. வழக்கு முடிவதற்குள் எத்தனையோ போகங்கள் கடந்துவிட்டன.

ஆகவே நமது கோரிக்கை இதுதான். பசளை, விதை, விளைபொருள் இறக்குமதி ஆகியவற்றைத் தொடும் எந்தக் கட்டளையும், விதைப்புக்கு முன்னரே, அதற்கான காரணங்களோடும் கணக்கோடும், தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். நடைமுறைக்கு வருமுன் அது பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். மாகாண சபையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். இவற்றை எழுதிய மனுவொன்று வாசலருகே மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்களும் கூட்டுறவுச் சங்கப் பிரதிநிதிகளும் அதைப் படித்து, திருத்த வேண்டியதைத் திருத்திக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.