ஜொகன்னஸ்பர்க் வீட்டுத் திரிகை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோர் தாமே வீட்டில் வைத்துக் கற்பிப்பதை வீட்டுவழிக் கல்வி என்பர். இவ்வழியில் இறங்கும் குடும்பம் பாடத்திட்டத்தில் முட்டிக்கொள்வதற்கு முன்பே நேரத்தில் முட்டிக்கொள்கிறது: உலை கொதிக்கும் நேரமும், பிள்ளை வகுத்தல் கணக்கில் திணறும் நேரமும், வாசலில் யாரோ கூப்பிடும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வீட்டுவேலையையும் பாடத்தையும் எப்படிப் பிரித்து வைப்பது என்றே இதைப் பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் ஆராய்கின்றனர். இரண்டையும் பிரிக்காமலே வைத்துப் பார்த்த ஒரு வீடும் ஒரு பண்ணையும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்தன. அவற்றின் நிறைகுறைகளைக் குடும்பத் தலைவரே பிற்காலத்தில் எழுதியும் வைத்தார். அவர் காந்தியடிகள், அந்நூல் சத்திய சோதனை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வீட்டுவழிக் கல்விக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் சார்லட் மேசன் (1842–1923). வீட்டுக் கல்வியைப் பற்றி 1886-இல் நூல் வெளியிட்டு, 1891 முதல் பாடத்திட்டங்களை அஞ்சல்வழி வீடுகளுக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்த அவர், சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டலாகாது என்றும், பாடமெல்லாம் முற்பகலிலேயே முடிந்துவிட வேண்டும் என்றும், பிற்பகல் திறந்தவெளியில் கழிய வேண்டும் என்றும் வகுத்தார். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த அட்டவணை முதலில் நுழைந்த வசதியான வீடுகளில் சமைப்பதற்கும் துலக்குவதற்கும் ஆள் இருந்தது, பல வீடுகளில் கற்பிப்பதற்கும் ஓர் ஆசிரியை தங்கியிருந்தார் என்பதை, அதை இன்று தம் அடுக்களைச் சுவரில் ஒட்டிவைக்க விரும்பும் நேயர்கள் மறந்துவிடக் கூடாது.

காந்தியடிகளும் முதலில் இந்த வழியையே நாடினார். 1897 ஜனவரியில் டர்பனில் வந்திறங்கியபோது அவருடன் 9 வயதும் 5 வயதும் ஆன புதல்வர் இருவரும், 10 வயதான தமக்கை மகனும் இருந்தனர். ஐரோப்பியர் பள்ளிகளில் அவர்களுக்குத் தனிச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை தம் மக்களுக்கு மட்டும் எதற்கு என்று அவர் மறுத்தார். பிறகு, தம் மேற்பார்வையில் கற்பிப்பதற்கு மாதம் 7 பவுன் ஊதியத்தில் ஓர் ஆங்கில ஆசிரியையை அமர்த்தினார். சிறிது காலம் நடந்த அந்த ஏற்பாடு அவருக்கு நிறைவு தரவில்லை.

ஜொகன்னஸ்பர்க்குக்குக் குடும்பம் இடம்பெயர்ந்த பிறகு இன்னொரு 7 பவுன் செலவாயிற்று. இம்முறை அது மாதாமாதம் கொடுக்கும் ஊதியமாக இல்லாமல், ஒரே தடவையில் வாங்கிய கைத்திரிகையின் விலையாக இருந்தது. கடை ரொட்டியை விட்டு, புளிப்புச் சேர்க்காத முழுக்கோதுமை ரொட்டியை வீட்டிலேயே சுடுவது என்று முடிவானபோது, ஆலையில் அரைத்த மாவு அதற்குப் பொருந்தாது என்று தோன்றவே இத்திரிகை வீட்டுக்குள் வந்தது. அதன் இரும்புச் சக்கரம் ஒருவரால் சுற்ற இயலாத பாரம். இருவர் சேர்ந்தால் எளிதாகச் சுழலும். காந்தியும், அவருடைய நண்பர் ஹென்றி போலக்கும், பிள்ளைகளும் அதைச் சுற்றினர். போலக்கின் மனைவி மில்லி வந்த பிறகு அவரும் சேர்ந்துகொண்டார்.

இந்தத் திரிகைக்கருகே சற்று நின்று கவனிப்பது தகும். பிள்ளைகள் மீது இவ்வேலை திணிக்கப்படவில்லை. விருப்பமானபோது வந்து கைகொடுக்கவும், களைத்தால் விட்டுவிட்டுப் போகவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஒரு முனையில் வழக்கறிஞரான தந்தை பிடிக்க, மறுமுனையில் பிள்ளை பிடிக்க, இருவரும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் மாவு சீராக விழும் என்ற நிலையில், அங்கே ஏவுபவரும் ஏவப்படுபவரும் என்ற பிரிவு தானாகவே அற்றுப்போகிறது. வீட்டுவேலையில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லாத பெற்றோர் அரியர்; ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது, பெரியவர் கட்டிலில் அமர்ந்தபடி 'அந்தத் தட்டை எடுத்து வை' என்று குரல் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. ஒருவரால் தனியே சுற்ற முடியாத கருவி அந்த வீட்டுக்கு வாய்த்தது நற்பேறு என்றே சொல்ல வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளும் இருந்தார் என்பதையும் விட்டுவிடலாகாது. அவர் குடும்பத்தில் ஒருவராகவே வாழ்ந்தார். அவர் வேலைகளில் பிள்ளைகள் உதவினர். கழிவை அகற்ற நகரசபைத் துப்புரவாளர் வந்தாராயினும், கழிப்பிடத்தைக் கழுவும் வேலையை வீட்டாரே செய்தனர். துப்புரவு வேலையைப் பிள்ளைகள் இழிவாக எண்ணாமல் வளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று காந்தி கருதினார்.

வேலைக்கு ஒதுங்கிய நேரம் ஏட்டுக்கல்விக்கு ஒதுங்கவில்லை. எழுத்து, கணக்கு, இலக்கியம் ஆகியவற்றை முறையாகப் பயில்வதே இங்கே ஏட்டுக்கல்வி எனப்படுகிறது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்துபோய்த் திரும்பும் ஏறக்குறைய 5 மைல் தொலைவில் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று பேச்சுவாக்கில் கற்பிப்பது அவருடைய வழக்கம். ஆனால் வழியில் வேறு யாராவது சேர்ந்துகொண்டால் அன்றைய பாடம் போயிற்று. நாள்தோறும் தவறாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அவர்களுக்குச் சிறந்த கல்வியே கிடைத்திருக்கும் என்றும், ஒதுக்காததால் மக்கள் தம்மீது குறைப்படுவதற்கு நியாயம் உண்டு என்றும் அவரே எழுதியுள்ளார். இப்பகுதியைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம்: அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றது திரிகையோ அடுப்போ அல்ல, தந்தையின் பொதுப்பணியே. வீட்டுவழிக் கல்வி தடுமாறும்போது பழியை முதலில் சமையலறைமீது போடும் வழக்கம் இங்கே செல்லாது.

மூத்தவர் ஹரிலால் கடைசிவரை இந்தக் குறையைப் பாராட்டியே பிரிந்து நின்றார். அடுத்தவர் மணிலால் தென்னாப்பிரிக்காவில் இந்தியன் ஒப்பீனியன் இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். கடைக்குட்டி தேவதாஸ் தில்லியில் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியரானார். ஒரே தந்தையின் மக்களிடையே இவ்வளவு வேறுபாடு இருக்கையில், இம்முறை வென்றதா தோற்றதா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற முயல்வது வீண்வேலை.

இனிப் பண்ணை. ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், 1,100 ஏக்கர் நிலத்தில், சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக 1910-இல் தொடங்கியது டால்ஸ்டாய் பண்ணை. நிலம் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞருடையது. இந்தியாவின் பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடிய அவ்விடத்தைக் காந்தி ஒரு குடும்பமாகவும், தம்மை அதன் தந்தையாகவும் கருதினார். வேலைக்காரர் எவருமில்லை, சமைப்பது முதல் மலம் அகற்றுவது வரை எல்லாம் அங்கிருந்தோரே செய்தனர். எல்லோருக்கும் ஒரே அடுக்களை, ஒரே பந்தி; அவரவர் தட்டை அவரவர் கழுவ, பொதுப் பாத்திரங்களை முறைவைத்துக் குழுக்குழுவாகத் துலக்கினர். ஆசிரியர் செய்யாத எதையும் மாணவரிடம் கேட்கக் கூடாது என்பதும், எந்த வேலையிலும் ஓர் ஆசிரியர் உடனிருந்து உழைக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

காலை முழுவதும் தோட்டத்துக்கும் வீட்டுவேலைக்கும் போய்விட்டதால், பள்ளி மதிய உணவுக்குப் பிறகே கூடியது. அதிலும் ஏட்டுப் பாடத்துக்கு மிஞ்சிப்போனால் மூன்று பாடவேளைதான். உண்ட மயக்கமும் உழைத்த களைப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தூங்கி விழுந்தனர், ஆசிரியர்களும் அவ்வாறே. கண்ணில் நீர் தெளித்துக்கொள்வதும், சற்று விளையாட்டுக் காட்டித் தூக்கத்தைக் கலைப்பதும் பாடத்தின் பகுதியாயின. கடும் வேலைக்குப் பின் பாடம் வைப்பது சரியான வரிசையா என்று கேட்டால், மேசனின் முற்பகல் ஏற்பாடே மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ் நேயர்களுக்கு இப்பண்ணையில் தனி உறவும் உண்டு. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். வீட்டில் கேட்ட அளவுக்குத் தமிழ் பேசுவர், ஆனால் எழுத்தே அறியார். அவர்களுக்கு எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தவர் காந்தியேதான். கப்பல் பயணங்களிலும் சிறையிலும் ஜி. யு. போப்பின் கைநூலைக்கொண்டு தாமே கற்றுக்கொண்ட தமிழ் அது. அந்நூலை அவர் தாண்டியதுமில்லை. பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை எளிதில் வென்றுவிடுவர். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், மாணவர்களே மொழிபெயர்ப்பாளராக நின்றனர். தம் அறியாமையை மறைக்க அவர் ஒருபோதும் முயலவில்லை. தமக்குத் தெரியாத பாடத்தைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தயங்கும் பெற்றோர் இந்த ஆசிரியரை நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு வேலைப் பகிர்வும் நடந்த குடும்பத்தில் காந்தியின் மனைவி கஸ்தூரிபாவின் நாள் எப்படிக் கழிந்தது என்பதற்குச் சான்று குறைவு. திரிகை சுற்றும் நேரமே அவர் அடுக்களை வேலையைத் தொடங்கும் நேரமாதலால், அவர் எப்போதாவதுதான் அதில் கைவைத்தார் என்று ஒரு குறிப்பு மட்டும் கிடைக்கிறது. மற்றவர்களுக்குப் பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் அமைந்த வேலையின் அடுத்த கட்டம், அதாவது அந்த மாவை உணவாக்கும் பொறுப்பு, அன்றாடம் அவருடையதாகவே நீடித்தது. இன்றைய வீடுகளிலும் கணக்கிட வேண்டிய இடம் இதுவே: பிள்ளையும் தந்தையும் விரும்பியபோது செய்யும் வேலைகள் எவை, யாரும் செய்யாவிட்டால் தாயின் தலையில் விழும் வேலைகள் எவை என்று தாளில் எழுதிப் பார்க்கும் குடும்பத்துக்கு, அட்டவணையின் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி, இன்றைய இந்தியாவைப் பற்றிய செய்தி ஒன்றிரண்டு மட்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றியது. வீட்டுவழிக் கல்வியை அது தனியே பெயர் சுட்டிப் பேசவில்லை. வீட்டில் பயிலும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வு எழுதப் பெரும்பாலும் நாடுவது 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியையே. 14 வயது நிறைந்தோர் அத்தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். அதன் பாடப் பட்டியலில் உணவு, உடை, இல்ல மேலாண்மை ஆகியவற்றைக் கற்பிக்கும் மனையியலும் செய்முறைப் பயிற்சியோடு இடம்பெற்றுள்ளது. எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அதையும் புரட்டிப் பார்ப்பார்கள் என்று நம்பலாம்.