வாதி என்று கூப்பிடுங்கள்



கொத்தடிமையும் சட்டமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் சில வெல்டர்களின் கதையைக் கேளுங்கள்.

2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவைப் புரட்டிப் போட்டது. மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் செப்பனிட ஆள் வேண்டும். சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனிக்காக ஏஜெண்டுகள் இங்கே வந்தார்கள். வெல்டர் வேண்டும், பைப் ஃபிட்டர் வேண்டும், கிரீன் கார்டு நிச்சயம், குடும்பத்தோடு குடியேறலாம் என்றார்கள். நம் நாட்டிலிருந்து சுமார் 500 பேர் போனார்கள். ஆளுக்குப் 10,000 டாலர், சிலர் 20,000 டாலர் வரைக்கும் கட்டினார்கள். எங்கிருந்து வந்தது அந்தப் பணம்? நிலம் அடகுக்குப் போனது. மனைவி கழுத்தில் கிடந்தது கடைக்குப் போனது. கையில் கிடைத்தது பத்து மாத விசா!

மிஸிஸிப்பி மாநிலத்தில் பாஸ்ககூலா என்று ஓர் ஊர். அங்கே கம்பெனியின் வேலி போட்ட முகாம், வாசலில் காவல். ஒரு கொட்டகையில் 24 பேர், அடுக்குக் கட்டில். அந்தக் கட்டிலுக்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். வெளியே அறை எடுத்துத் தங்கினாலும் பிடித்தம் உண்டு என்றார்கள். இது வாடகையா? சொல்லுங்கள், இது வாடகையா?

2007 மார்ச் மாதம். கேள்வி கேட்ட சிலரை விடியற்காலையில் மடக்கி ஊருக்கு ஏற்றிவிடப் பார்த்தார்கள். அதில் ஒருவர், இத்தனை கடனோடு எந்த முகத்தோடு வீட்டு வாசலை மிதிப்பேன் என்று உயிரையே விடத் துணிந்தார். காப்பாற்றிவிட்டார்கள். அவர் பெயரை இந்த மேடையில் நான் சொல்லவில்லை. கைதட்டுவதென்றால் அவருக்குத் தட்டுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போன மாதம் இதே ஊரில் வேறொரு மேடையில் ஒருவர் முழங்கினாராம்: "டாலருக்கு ஆசைப்பட்டுப் போனான், அனுபவிக்கிறான்" என்று. ஐயா, பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைப்பது பேராசையா? கூரை வீட்டுக்குத் தளம் போட நினைப்பது குற்றமா? ஏமாற்றினவனை ஒரு வார்த்தை கேட்க வாய் வராது, ஏமாந்தவனுக்குப் புத்தி சொல்ல மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்! உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் கொட்டகையில் படுத்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?

சரி, கதைக்கு வருகிறேன். 2008 மார்ச்சில் அந்தத் தொழிலாளிகள் கூட்டமாக வாசலுக்கு நடந்து போய், தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பெனி முன்னால் வீசினார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணம் போனார்கள். அங்கே பட்டினி கிடந்தார்கள். காந்தி பிறந்த மண்ணிலிருந்து போனவர்கள், சத்தியாக்கிரகம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. வழக்குப் போட்டார்கள். ஆள் கடத்தலைத் தண்டிக்க அமெரிக்காவில் 2000இல் ஒரு சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவரே சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 2003இல் அதில் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள் நம் ஆட்கள். எல்லாரும் ஒரே வழக்காக வர முடியாது என்று கோர்ட் சொன்னது. விட்டார்களா? தனித்தனியாகப் போட்டார்கள். பெரிய பெரிய வக்கீல் கம்பெனிகள் காசு வாங்காமல் வந்து நின்றன. 2015 பிப்ரவரியில், முதலில் விசாரித்த ஐந்து பேருக்கு மட்டும் 1.4 கோடி டாலர் கொடு என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. அந்த ஐந்து பேரில் ஒரு தமிழ்ப் பெயரும் இருந்தது, தோழர்களே! கம்பெனி திவால் மனுப் போட்டது. மிச்ச வழக்குகளை 2 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது, மன்னிப்பும் கேட்டது. அன்று உயிரை விடத் துணிந்தாரே, அவரும் அந்த வழக்கில் ஒரு வாதி. சாட்சிக் கூண்டில் கூப்பிடும்போது மட்டும் வந்து போகிறவர் அல்ல. வாதி!

நம் ஊரில் என்ன நடக்கிறது? என் ஊர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளை. அங்கே முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட ஓர் இருளர் அக்கா. அவரை மீட்டு ஆர்.டி.ஓ. விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார். அந்த அக்கா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து, கூரைச் செத்தையில் செருகி வைத்திருக்கிறார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துவிட்டது. 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த முன்பணக் கடனை ரத்து செய்கிறது. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்றால் கடன் கொடுத்தவன்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் மறுவாழ்வுக்கு ஆளைப் பொறுத்துக் கிடைக்கிற 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் முழுசாகக் கைக்கு வர கோர்ட் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். வழக்கு நடத்துவது அரசாங்கம். முதலாளிக்கு வாய்தா மேல் வாய்தா. அந்த அக்கா அங்கே வெறும் சாட்சி. "எப்போ வரும் தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆள் கடத்தியவன் மேல் பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுத்து, உழைத்த கூலியையும் பட்ட பாட்டுக்கு நஷ்ட ஈட்டையும் வாங்க, அமெரிக்கச் சட்டத்தில் சேர்த்தது போல நம் நாட்டிலும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். அது வருகிற வரைக்கும் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு: ஆள் கடத்தலுக்கு ஆளானவர், வருமானம் எவ்வளவு என்று காட்ட வேண்டியதில்லை, இலவச வக்கீல் அவர் உரிமை. ஆணையத்தின் போன் நம்பர் 15100. இங்கே சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு சூளை, ஆளுக்கு ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளாஸ்டிக் பையை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். நாளைக்குக் காலையிலேயே போங்கள்.