சுண்டிக்குளத்துக்கு விடியப் போங்கள்

தேசியப் பூங்கா என்றதும் எங்களில் பலருக்கு யாலவும் வில்பத்துவும்தான் நினைவுக்கு வரும். மழைக்காடு பார்க்க ஆசைப்பட்டால் சிங்கராஜவுக்கு வாகனம் பிடிக்கிறோம். ஆனால் பரந்தனில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பாதையில் கிழக்கே திரும்பி, தருமபுரம் பக்கமிருந்து வடக்கே கடலை நோக்கிப் போனால், காடும் களப்பும் கடற்கரையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஓர் இடம் வரும். அதுதான் சுண்டிக்குளம். 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இடம். 2015 ஜூன் 22ஆம் திகதி தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்டேயர்.

வன்னிக் காட்டில் சிங்கராஜவின் ஈரத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடையோடு வரும் மழையைக் குடித்துவிட்டு, மிச்ச மாதங்களை வெயிலில் தாக்குப்பிடிக்கும் காடு இது. பாலையும் வீரையும் முதிரையும் உள்நாட்டில் ஓங்கி நிற்கும். கரையை நெருங்க நெருங்க மரங்கள் குள்ளமாகிப் பற்றையாகும். பிறகு பனை, பிறகு கண்டல், சேற்றோரத்தில் உமரி. கடைசியில் அடம்பன் கொடி படர்ந்த மணல், அதற்கப்பால் வங்கக் கடல். கொஞ்சத் தூர நடையில் இத்தனையும் மாறுவதை வேறெங்கும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

ஆனாலும் சுண்டிக்குளத்தின் உயிர் அதன் தண்ணீரின் ஆழத்தில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாரியில் இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாயும்போது, கனகராயன் ஆறு அந்த வெள்ளத்தை இந்தக் கடலேரியில்தான் சேர்க்கிறது. நெத்தலியாறு போன்ற சிற்றாறுகளும் தங்கள் பங்கைக் கொண்டுவருகின்றன. அப்போது ஏரி விரிந்து, உப்புக் குறைந்து, இறாலும் மீனும் பெருகும். மழை ஓய்ந்து வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஓரத்திலிருந்து வற்றும், உப்புக் கூடும். முழங்கால் ஆழம் கணுக்கால் ஆழமாகும், பிறகு வெறுஞ்சேறாகும். ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு பறவை உண்டு. ஆழமான இடத்தில் கூழைக்கடா. அதைவிடக் குறைந்த நீரில், வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள். சேற்றை ஊசி மூக்கால் குத்திக் கிளறும் உள்ளான்கள் ஓரத்தில். இடையில், நீண்ட காலூன்றிக் கூட்டமாக நிற்கும் பூநாரைகள்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து மேயும். நாக்கால் நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடும். அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவதுதான். குஞ்சாக இருக்கையில் அது சாம்பல் நிறம். ஏரி ஆழமாகிவிட்டாலும் அதற்கு இடமில்லை, ஒரேயடியாக வற்றிவிட்டாலும் இரையில்லை.

இந்த ஏரியை நன்னீர் ஏரியாக்கி யாழ்ப்பாணத்தின் கிணறுகளைக் காக்க வேண்டுமென்று 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வகுத்தார். சுண்டிக்குளத்தில் கட்டிய அணை பின்னர் வெள்ளத்தில் உடைந்தது. குடிநீர்த் தேவை உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், உவர்நீரை நம்பி வாழும் இறாலுக்கும் பறவைக்கும் மீனவருக்கும் என்ன வழி என்றும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஒருமுறை தை மாதத்தில் விடியப் போயிருந்தேன். வீச்சுவலையைத் தோளில் போட்டபடி வந்த முதியவர் ஒருவர் என்னை மறித்தார். "தம்பி, இதுக்கு மேல கிட்டப் போகாதேங்கோ. அதுகள் மேயிற நேரம். ஒருக்கா வெருண்டு எழும்பினா இண்டைக்கு இஞ்ச இறங்காதுகள்" என்றார். அவர் சொன்ன இடத்திலேயே நின்றேன். அரை மணித்தியாலத்தில் கூட்டம் மேய்ந்துகொண்டே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது.

அந்த முதியவரைப் போன்றவர்கள் 2004 சுனாமியையும் போரையும் கடந்து திரும்பி வந்தவர்கள். எல்லைக்கல் என்றாலே, திரும்பி வந்த இடத்தை மறுபடி இழப்போமோ என்று அவர்களுக்கு நெஞ்சு பதறும். பூங்காவின் எல்லையும் மீன்பிடி விதிகளும் அவர்களோடு கூடிப் பேசியே முடிவாக வேண்டும். அந்த ஏரியின் ஆழம் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

போக நினைக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். தையும் மாசியும் நல்ல காலம். குடிநீர் கொண்டுபோங்கள்; வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காய்ந்ததுபோலத் தெரியும் சேற்றில் வாகனத்தை இறக்காதீர்கள். புதையும், பறவைகளின் மேய்ச்சல் தரையும் கெடும். முதலை உள்ள நீர், கால் நனைக்க வேண்டாம். போர் நடந்த நிலமும்கூட, ஆகவே பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள், அறியாத பொருள் எதையும் தொடாதீர்கள். படமெடுப்பதற்காகக் கைதட்டிப் பூநாரைகளை எழுப்பாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வெயில் ஏற முன்னர் போய்ச் சேருங்கள்.