டச் வேலை செய்யாத போனைக் கடைக்குக் கொடுக்கும் முன்

(தோட்டக் கமிட்டிகளின் மாதாந்தக் கூட்டத்தில் எமது இளைஞர் பிரிவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், கைக்காசு, லயத்துக் கூரை என்று பேச எவ்வளவோ இருக்க, போனைப் பற்றி என்ன பேச்சு என்று வரும் வழியிலேயே ஒரு ஐயா கேட்டார். கேட்டது நியாயந்தான். எமக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எமது டிவிஷனில் கொழுந்து நிறுக்கும்போது கழிவு கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்பது நீண்டநாள் முறைப்பாடு. வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதால், தராசையும் துண்டையும் மூன்று நேரமும் படம் எடுத்து வைப்பது என்று தீர்மானித்தோம். மூன்று வாரம் எடுத்தோம். எல்லாமே ஒரு அக்காவின் போனில். அவரது போனில்தான் கெமரா நன்றாக இருந்தது. மூன்றாவது வாரம் அடைமழை. படங்குக்குள் வைத்திருந்த போன் நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்கிரீனில் படம் தெரிகிறது, விரல் வைத்தால் அசையவில்லை.

அக்காவின் மகன் டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். ‘சொப்ட்வேர் பழுது’ என்று சொல்லி உள்ளே இருந்த அனைத்தையும் அழித்துவிட்டார்கள். டச் அப்போதும் வரவில்லை. பிறகு, ஸ்கிரீன்தான் பிழை என்று சொல்லி அதற்கும் காசு வாங்கினார்கள். போன் திரும்பி வந்தது, படங்கள் வரவில்லை. நிர்வாகத்தோடு பேசப் போன அன்று நாம் கண்ணால் கண்டதைச் சொன்னோம். அவர்கள் புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள்.

அக்காவின் மேல் எமக்கு வருத்தம் எதுவுமில்லை. எல்லாவற்றையும் ஒரே போனில் வைக்கச் சொன்னது நாமே. அவருக்கு நடந்த நட்டம் எமது நட்டத்தைவிடப் பெரியது. குவைத்தில் இருக்கும் மகள் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

அதற்குப் பிறகுதான் விசயம் தெரிந்தவர்களிடம் கேட்டும், பழைய போன்களை நாமே சோதித்துப் பார்த்தும் சிலவற்றைப் படித்துக்கொண்டோம்.

முதலில், டச் எப்படி வேலை செய்கிறது என்பது. அழுத்துவதால் அல்ல. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்வலை இருக்கிறது. நமது உடம்பில் மின்சாரம் ஓடக்கூடியது என்பதால், விரல் கிட்டப்போனதும் அந்த வலையில் ஒரு சிறு மாற்றம் ஏற்படுகிறது. அதைத்தான் போன் ‘தொட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு பலமாகக் குத்தினாலும் பிரயோசனமில்லை, கண்ணாடிதான் வெடிக்கும். தண்ணீரிலும் மின்சாரம் ஓடும். மழைத்துளி விழுந்த ஸ்கிரீன் எங்கே விரல், எங்கே துளி என்று தெரியாமல் குழம்புகிறது. தடித்த றப்பர் கையுறை போட்டால் விரலே அதற்குத் தெரியாமல் போகும். இன்னொன்று, நமக்கே உரியது: கொழுந்துக் கறை காய்ந்து, தோல் தடித்துப்போன விரல். குளிர் நாளில் நுவரெலியா பக்கம் விரல் காய்ந்து விறைத்திருக்கும். அப்படிப்பட்ட விரலைச் சில போன்கள் சரியாகப் பிடிப்பதில்லை. ‘எனக்கு மட்டும் போன் கேட்குதில்ல, பேரப்பிள்ளை தொட்டா கேட்குது’ என்று சொல்லும் பாட்டிமார் பொய் சொல்லவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் ‘டச் சென்சிட்டிவிட்டி’ என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இனி, போன் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழுது எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேறு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். மணி அடிக்கிறது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு என்றால் படம் காட்டும் பகுதியில் கோளாறு. படம் தெரிகிறது, வொலியூம் பட்டனை அழுத்தினால் சத்தக் கோடு ஏறி இறங்குகிறது, விரலுக்கு மட்டும் அசையவில்லை என்றால் டச்சில் கோளாறு. பட்டனுக்கும் அசைவில்லை, நேரங்கூட நின்றுவிட்டது என்றால் போன் முழுதாகச் சிக்கிக்கொண்டது. இந்தக் கடைசி வகைக்குக் கடைக்காரர் தேவையில்லை.

சிக்கிக்கொண்ட போனை ஸ்கிரீனைத் தொடாமலே நிறுத்தி எழுப்பலாம். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் பவர் பட்டனைப் பத்து முதல் முப்பது செக்கன் வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங் என்றால் பவரையும் வொலியூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து செக்கன் அளவு. புதிய ஐபோன்களில் வொலியூம் கூட்டும் பட்டனை ஒருமுறை, குறைக்கும் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு, பக்கத்துப் பட்டனை அப்பிள் படம் வரும்வரை பிடிக்க வேண்டும். இதனால் எதுவும் அழியாது. அடிக்கடி இப்படிச் சிக்குகிறது என்றால் உள்ளே இடம் நிரம்பிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்க வீடியோக்களைக் கொஞ்சம் அழியுங்கள். (நமது சங்கக் குழுவில் அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.)

எழுப்பியும் டச் வரவில்லையா? மேலே ஒட்டிய கண்ணாடியைப் பாருங்கள். ஓரம் எழும்பி, இடையில் ஈரமும் தூசும் போயிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். கவரையும் கழற்றுங்கள். சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் தானாகவே எழுத்து அடிபடுகிறது, அழைப்பு போகிறது என்றால், போனில் பேயில்லை. மலிவான சார்ஜரிலிருந்து சீரற்ற மின்சாரம் வந்து டச்சைக் குழப்புகிறது. வயரைக் கழற்றியதும் சரியானால் மாற்ற வேண்டியது சார்ஜரைத்தான். ஸ்கிரீனில் ஒரு பகுதி மட்டும் செத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க, ஒரு படத்தை விரலால் பிடித்து ஸ்கிரீன் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கைநழுவினால் அந்த இடம் பழுது. அது ஸ்கிரீன் மாற்றும் வேலை. எதை அழித்தாலும் அது திருந்தாது.

நனைந்த போனுக்கு: உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடவே வேண்டாம். சிம் தட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளுக்குக் குறையாமல் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பலனில்லை, தூள்தான் உள்ளே போகும். அடுப்புக்கு மேல் வைப்பதை நாம் எல்லா லயத்திலும் கண்டிருக்கிறோம். நனைந்த விறகையும் படங்கையும் அப்படிக் காயவைக்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம். போனை அப்படிச் செய்ய வேண்டாம். சூட்டில் ஸ்கிரீன் ஒட்டிய பசை விடும், பெட்டரி கெடும். மழை நாளில் ஒரு சின்னப் பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் இவ்வளவும் தேவையில்லை.

பெட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்கிரீன் ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தாலோ, முதுகு உப்பியிருந்தாலோ பெட்டரி வீங்கிவிட்டது. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசி வைத்துக் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். பிள்ளைகள் படுக்கும் காம்பராவில் வைக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரப் படங்களும் இன்று எம்மிடம் இருந்திருக்கும். படம் தெரிந்து டச் மட்டும் செத்த அன்ட்ரொயிட் போனுக்கு, ஓ.டி.ஜி. என்ற சிறு இணைப்பை மாட்டி, கணினியின் மவுஸைச் செருகலாம். ஸ்கிரீனில் ஒரு அம்புக்குறி வரும். விரல் செய்யும் வேலையை மவுஸ் செய்யும். பூட்டைத் திறந்து, படங்களை இன்னொரு போனுக்கு அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்புங்கள். எல்லாப் போனும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. சிலவற்றில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி.யை முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். போன் நன்றாக இருக்கும் இன்றைக்கே அதைப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி வீட்டில் வையுங்கள். வங்கியிலிருந்து இரகசிய இலக்கம் வருவது அந்த சிம்முக்குத்தான். ‘ரீசெட் பண்ணணும்’ என்று சொன்னால், டச் பழுதுக்கு ரீசெட் எதற்கு என்று கேளுங்கள். ரீசெட் செய்த அன்ட்ரொயிட் போன், முன்பு போட்டிருந்த கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்கக்கூடும். நம்மில் பலருக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் விற்ற கடைத் தம்பி. பாஸ்வேர்ட் அவருக்கும் ஞாபகமில்லை, நமக்கும் தெரியாது. போன் பூட்டியபடியே கிடக்கும். இன்று வீட்டுக்குப் போய் அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். *#06# என்று அடித்தால் வரும் 15 இலக்கத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு காசு, எந்தப் பாகம், எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுத்தால், ஏமாற்றினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒன்று. வயர் உள்ள ஹெட்போனை வீட்டில் வையுங்கள். டச் செத்தாலும் பெரும்பாலும் அதிலுள்ள பட்டனை அழுத்தி வரும் அழைப்பை எடுக்கலாம். மண்சரிவு எச்சரிக்கை வரும் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பட்டன் போனாவது சார்ஜோடு இருக்கட்டும். இரவில் ஒரு தாய்க்கு வலி எடுத்தால் 1990க்கும், மண் அசைந்தால் 117க்கும் அடிக்க அது போதும்.

கொழுந்து நிறையை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை கொப்பியில் திகதியோடு எழுதி, மூன்று பேர் கையொப்பம் வைக்கிறார்கள். படம் இரண்டு போன்களில் எடுக்கப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஒன்றுக்கும் போகிறது. மவுஸும் இரண்டு வகை ஓ.டி.ஜி. இணைப்பும் கமிட்டி அலுமாரியில் இருக்கின்றன. சாவி தலைவரிடம். டச் செத்த போன் யாரிடமாவது பெட்டிக்குள் கிடந்தால் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள், பார்ப்போம். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.