காதால் பார்க்கும் காடு



முதுமலைக்குப் போய் வந்தவரிடம் நாம் முதலில் கேட்பது, "புலி பார்த்தீங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை என்றால் போன செலவு தண்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். விடியற்காலையில் காடு பார்ப்பது ஒரு கலை. புலியை அதற்கு அளவுகோலாக வைத்தால் கலையும் கைவராது, காடும் கண்ணில் படாது.

ஏன் விடியற்காலை? இரவெல்லாம் அலைந்த புலியும் சிறுத்தையும் வெயில் ஏறுமுன் நிழல் தேடித் திரும்பும் வேளை அது. புள்ளிமான்கள் புல்வெளியில் மேயும். செந்நாய்க் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பும். ஊட்டி–மைசூர் சாலையில், முதுமலையை அடுத்த பந்திப்பூர்ப் பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஆகவே விடியும்போது சாலையோரம்கூட விலங்குகளின் வசத்தில்தான் இருக்கும்.

ஆனால் முதுமலையில் பல இடங்களில் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் விலங்குகூடத் தெரியாது. அங்கே கண்ணைவிடக் காதுதான் உதவும். புள்ளிமான் கீச்சென்று கத்தினால் உடனே நம்பிவிட வேண்டாம்; அது மனிதரைக் கண்டும் மிரளும். மரத்தின் மேலிருந்து கருமுக மந்தி இருமுவதுபோலக் குரல் கொடுத்தால் நிமிர்ந்து உட்காரலாம். கடமானும் வாலைத் தூக்கி, முன்காலால் தரையை உதைத்து, கணீரென்று குரல் எழுப்பினால் பெரும்பாலும் வேட்டை விலங்கு பக்கத்தில்தான். அந்தக் குரல்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தால், புதருக்குள் புலி நடக்கிறது என்று பொருள். உருவம் தெரியாமலே அதன் பாதையை நாம் பின்தொடர்கிறோம்.

மண்பாதையும் பேசும். புழுதியில் பதிந்த புலித்தடத்தைக் குனிந்து பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் புதிது. தடத்தின் குறுக்கே பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால், புலி போய் நேரமாகிவிட்டது.

இந்தக் கலையில் நமக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். முதுமலையில் யானை மேல் அமர்ந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்தார். புலிக்குத் தந்த அதே கவனத்தை அணிலுக்கும் காக்கைக்கும் தந்தவர் அவர்.

இன்றைய வாகனச் சவாரிகளில் குறை உண்டு. ஒரு புலி தென்பட்டதும் செல்போனில் செய்தி பறக்கிறது, வண்டிகள் முண்டியடிக்கின்றன. எஞ்சின் இரைச்சலில் கடமானின் குரல் யாருக்குக் கேட்கும்?

அடுத்த முறை போகும்போது, நிறுத்த அனுமதியுள்ள இடத்தில் எஞ்சினை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற சட்டையும் வாசனைத் திரவியமும் வேண்டாம். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் சமூகத்தவர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் புலி எங்கே என்று கேட்காதீர்கள். இப்போது கத்தியது எது, ஏன் கத்தியது என்று கேளுங்கள். நாம் கட்டும் கட்டணத்துக்கு அந்தப் பாடமே போதும்.